கடல் வழி வந்த சுவைகள்



ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் பழைய கோட்டைகளையும் நாடிச் செல்வர். அது முறையே. ஆயினும், அக்கல்லைச் செதுக்கியவனும் அக்கோட்டைக்குக் கல் சுமந்தவனும் அன்று மாலை எதனை உண்டு பசியாறினர் என்ற கேள்வியை நாம் அரிதாகவே கேட்கின்றோம். அக்கேள்வியை இன்று கேட்டுப் பார்ப்போம். அதற்குக் கற்பிட்டியைக் காட்டிலும் ஏற்ற இடம் இலங்கையின் மேற்குக் கரையில் இல்லை என்பது என் துணிபு. அங்கே வாழ்பவன் என்பதால் இவ்வாறு கூறுகின்றேன் என்று நீங்கள் எண்ணினால், அதிலும் ஓரளவு உண்மை உண்டு.

கற்பிட்டி, கடலுக்கும் புத்தளம் களப்புக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒரு மணல் நிலம். களப்பின் வாய் வடக்கே இருப்பதால், புத்தளத்துக்குச் செல்லும் மரக்கலம் எதுவும் கற்பிட்டியின் கண்ணிற் படாமல் உள்ளே நுழைய இயலாது. எனவேதான் அராபிய வணிகரும், போர்த்துக்கேயரும், ஒல்லாந்தரும், ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராக இம்மணலில் கால் பதித்தனர். வந்தவர்கள் போய்விட்டனர். அவர்களுடைய சட்டியும் கரண்டியும் போகவில்லை.

1344ஆம் ஆண்டிலே, மொறோக்கோ நாட்டுப் பயணியாகிய இபுனு பதூதா மாலைதீவிலிருந்து புறப்பட்டு இக்கரையை அடைந்தார். அவர் பத்தாலா என்று குறிக்கும் பட்டினம் புத்தளமே என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்கே அவரை வரவேற்றவர் ஆரியச்சக்கரவர்த்தி. மரத்தாலான மதில் சூழ்ந்த அழகிய சிறு பட்டினம் அது என்கின்றார் பயணி. ஆறுகள் அடித்துக் கொணர்ந்த கறுவாக் கட்டைகள் கரையோரமெங்கும் குன்றுபோற் குவிந்து கிடந்தனவாம். மாபார், மலபார் நாட்டவர் விலை எதுவும் கொடாமல் அவற்றை ஏற்றிச் செல்வர். அதற்கீடாக மன்னனுக்குத் துணியும் அதுபோன்ற பிறவும் அளிப்பர். பிற்காலத்தில் எந்தக் கறுவாவிற்காக ஐரோப்பியர் படைகொண்டு வந்தனரோ, அந்தக் கறுவா ஒரு காலத்தில் கரையிற் கிடந்த கட்டை! இதனை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிறிது சிரிப்பும் சிறிது வருத்தமும் உண்டாவதுண்டு.

பாவா ஆதம் மலைக்குச் செல்ல விரும்பிய இபுனு பதூதாவிற்கு மன்னன் துணையாட்களை அனுப்பினான். ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் யோகியர் நால்வர், அந்தணர் மூவர், மன்னனுடைய பரிவாரத்தார் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர். இக்குழு முதலில் தங்கிய ஊர்களில் ஒன்று மன்னார் மண்டலி என அவரால் எழுதப்பட்டுள்ளது. அது புத்தளத்திற்குத் தெற்கேயுள்ள முந்தல் பகுதி எனக் கருதப்படுகின்றது. அங்கே ஊரார் அவர்களுக்கு விருந்திட்டனர். அருகிலுள்ள காட்டில் உயிரோடு பிடித்த எருமைக் கன்றுகள், சோறு, உருக்கிய நெய், மீன், கோழி, பால் ஆகியவை அவ்விருந்திற் பரிமாறப்பட்டன. அவ்வூரிலே முஸ்லிம் என்று சொல்ல, நோயுற்று அங்கேயே தங்கிவிட்ட குராசான் நாட்டவர் ஒருவர் மட்டுமே இருந்தாராம். உடன் சென்ற யோகியரும் அந்தணரும் அவ்விருந்தில் எதனை உண்டனர், எதனை ஒதுக்கினர் என்று பயணி எழுதாமற் போனார். எழுதியிருந்தால் நமக்கு எத்துணைப் பயனாக இருந்திருக்கும்!

நான் அறிந்த அளவில், புத்தளக் கரையின் விருந்தொன்றைப் பற்றி எழுத்திற் கிடைக்கும் பழைய பட்டியல் இதுவே. இதனுடன் அவர் எழுதிய இன்னொரு விருந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவின் மேலைக்கரையிலே, ஹொன்னாவர்ச் சுல்தானுடைய மனையில், செம்புத் தட்டிற் சோறு இட்டு, நெய் வார்த்து, ஊறவைத்த மிளகுக் கொத்து, பச்சை இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றைத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தனர் என்கின்றார். நாள்தோறும் சோறு, எங்கும் சோறு. கோதுமை அப்பம் உண்டு வளர்ந்த அப்பெரியார், தென்னாட்டிலும் இலங்கையிலும் மாலைதீவிலும் சோறன்றி வேறின்றிக் கழித்த ஆண்டுகளில், நீர் குடித்தாலன்றி அது தொண்டையில் இறங்காத நிலைக்கு வந்ததாக முறையிடுகின்றார். பயணியர் நூல்களிலே உண்மை மிளிரும் இடங்கள் இவை போன்றவையே. அரண்மனைகளைப் பற்றி மிகைபடக் கூறும் எழுத்தாளரும் தம் வயிற்றைப் பற்றிப் பொய் கூறுவதில்லை.

இனி, அந்த ஊறுகாய்த் தட்டை ஊன்றிக் கவனியுங்கள். காரத்திற்கு மிளகும் இஞ்சியும் உள்ளன. மிளகாய் எங்கே? இல்லை. இருந்திருக்கவும் இயலாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பசு அக்கண்டத்தை அடைந்த பின்னரே அது பிற நாடுகளுக்குப் பரவத் தொடங்கிற்று. 1498இல் கள்ளிக்கோட்டையையும் 1505இல் இலங்கையையும் அடைந்த போர்த்துக்கேயரின் கப்பல் வழியாகவே அது நம் பக்கம் வந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, அன்னாசி, பப்பாளி, முந்திரி ஆகியவையும் அக்கண்டத்துப் பிள்ளைகளே. இன்று இவையின்றி எந்த வீட்டிலே சமையல் நடைபெறுகின்றது?

இவ்வந்நியனை நம் முன்னோர் எவ்வாறு ஏற்றுக்கொண்டனர் என்பதற்கு மொழியே சான்று பகரும். தமிழர், மிளகைப்போல் உறைப்பதும் காயாக இருப்பதுமாகிய இதனை மிளகாய் என்றனர். சிங்களத்தில் நிகழ்ந்தது இதனினும் சுவையானது. மிளகைக் குறித்த மிரிஸ் என்ற சொல்லைப் புதிதாக வந்த மிளகாய் கைப்பற்றிக்கொண்டது. வீட்டுக்குரியவனாகிய மிளகோ, கம்மிரிஸ், அதாவது ஊர் மிளகு, என்று அடைமொழி சூடித் தன்னை வேறுபடுத்திக்கொள்ள நேர்ந்தது. மலாய் மொழியிலும் அவ்வாறே. சாபை என்ற சொல் முன்னர் யாவாத் திப்பிலிக்கு உரியது, இப்பொழுது மிளகாய்க்கு உரியது. விருந்தினன் வந்து வீட்டுக்காரனின் பெயரையே எடுத்துக்கொண்ட கதை மூன்று மொழிகளிலும் பதிந்திருக்கின்றது.

கற்பிட்டிக்கு இக்கதை ஏட்டுக் கதையன்று. எங்கள் மணல் நிலத்திலே மிளகாயும் வெங்காயமும் பீற்றூட்டும் பிற மரக்கறிகளும் விளைகின்றன. மணலுக்குக் கீழே தேங்கி நிற்கும் நன்னீரைக் கிணறுகளிலிருந்து இறைத்து இப்பயிர்களுக்குப் பாய்ச்சுகின்றனர். மணல் நீரைப் பிடித்து வைக்காது. இட்ட உரத்தையும் பிடித்து வைக்காது. உரத்தின் நைத்திரேற்று கீழிறங்கிக் கிணற்று நீரிற் கலப்பதை ஆய்வாளர் பலமுறை எடுத்துக் காட்டியுள்ளனர். அதே கிணற்று நீரைத்தான் எங்கள் பிள்ளைகள் பருகுகின்றனர். நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்த ஒரு காய், எங்கள் உணவுக்குச் சுவையும் உழவர்க்கு வருவாயும் தந்துவிட்டு, கிணற்றடியிலே கணக்குக் கேட்கின்றது.

போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது காய்கனிகளை மட்டுமன்று. எங்கள் ஊர்த் தாயொருத்தி தன் மகளிடம், “குசினிக்குள் போய் மேசையில் இருக்கிற கோப்பையை எடு, தாச்சியை இறக்கி வை, பாணை வெட்டு, கோவாவைச் சுண்டலுக்கு அரி” என்று சொன்னால், அது தூய வீட்டுத் தமிழ் என்றே இருவரும் எண்ணுவர். ஆனால் குசினி, மேசை, கோப்பை, தாச்சி, பாண், கோவா ஆகிய ஆறும் போர்த்துக்கேயச் சொற்கள். ஒல்லாந்தர் இக்கரையை 1658ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆண்டனர். எனினும் சமையலறையிலே அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் சிலவே. போஞ்சி அவற்றுள் ஒன்று. சிங்களச் சகோதரர் புத்தாண்டிற்குப் பொரிக்கும் கொக்கிஸ் இன்னொன்று. அதன் பெயர் ஒல்லாந்தம், அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் நம்முடையவை, வடிவத்தில் அது நம் அச்சு முறுக்கின் உடன்பிறப்பு.

நெடுங்காலம் ஆண்டவன் சொல் குறைவாகவும் அவனுக்கு முன் ஆண்டவன் சொல் மிகுதியாகவும் நிலைத்தமைக்குக் காரணம் என்ன? போர்த்துக்கேயர் பலர் இந்நாட்டுப் பெண்களை மணந்து இங்கேயே குடும்பம் நடத்தினர். அக்குடும்பங்களிற் பிறந்த கலப்பு மொழி, துறைமுகங்களின் பொது மொழியாயிற்று. ஒல்லாந்தர் வீடுகளிலும் அதுவே பேசப்பட்டது. புத்தளத்திற்கு அண்மையிலுள்ள சிறாம்பியடியிலே, ஐரோப்பியரால் ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய மன்ஞா என்னும் பாடல்களில் அம்மொழி எச்சமாகத் தங்கியிருக்கின்றது. ஆட்சியாளனின் கட்டளை ஓலையோடு போய்விடும். அடுப்படியில் ஒருத்தி பேசிய சொல் பேரப்பிள்ளை வரை செல்லும்.

பண்பாடுகள் கலந்து உணவு வளர்ந்தது என்று இனிமையாகக் கூறி இத்துடன் நிறுத்திக்கொள்வது எளிது. விருந்துகளைப் பற்றி எழுதுவோர் பலர் அவ்வாறே செய்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கற்பிட்டிக் கோட்டை அதற்கு இடங்கொடாது. முருகைக் கல்லால் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய அக்கோட்டை எதற்காக எழுந்தது? கண்டி இராச்சியத்திற்குப் புத்தளம் ஒரு கடல் வாயில். பாக்கு அவ்வழியே வெளியே சென்றது. துணியும் பிறவும் உள்ளே வந்தன. மலைநாட்டில் உப்பு விளையாது. புத்தளத்து உப்பு அங்குள்ள மக்களுக்கு இன்றியமையாதது. களப்பின் வாயிலே பீரங்கியை நிறுத்தியவன் மன்னனின் வாணிகத்தை மட்டுமன்றி, மலைநாட்டு ஏழையின் கஞ்சிக்குரிய உப்பையும் தன் கைப்பிடிக்குள் வைத்திருந்தான். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. அதன்பின் கண்டி அரசு உப்பிற்கும் கருவாட்டிற்கும் அந்நியனை நோக்கி நிற்க வேண்டியதாயிற்று. 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டியிற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயராகிய இறொபேட் நொக்ஸ், சோறும் உப்பும் இருந்தால், சில இலைகளோடும் எலுமிச்சைச் சாற்றோடும் மிளகோடும் எளிய மக்கள் மனநிறைவாக உண்பர் என்று எழுதியுள்ளார். அவ்வெளிய பட்டியலில் உப்பு எத்துணை முன்னே நிற்கின்றது என்பதைக் காணுங்கள்.

ஒல்லாந்தர் வழியே வந்த வேறொரு சுவையும் இவ்வாறே கண்ணீர் கலந்தது. அவர்களுடைய கிழக்குத் தலைநகர் யாவாவிலுள்ள பத்தாவியா. அங்கிருந்தும் அயற்றீவுகளிலிருந்தும் போர்வீரர், அடிமைகள், நாடுகடத்தப்பட்ட பெருங்குடியினர் எனப் பலர் இலங்கைக்குக் கொணரப்பட்டனர். இன்று மலாயர் என நாம் அழைப்பவர் அவர்களின் வழியினர். தாம் விரும்பி வராத நாட்டிலே அவர்கள் தம் நாவின் நினைவை மட்டும் காத்துக்கொண்டனர். சம்பல் என்ற சொல் அவர்களுடையது. தொதல் அவர்களுடையது, அது கடல் கடந்து கீழக்கரையிலும் பெயர் பெற்ற பண்டமாயிற்று. அச்சாறு என்னும் சொல் பாரசீகத்திற் பிறந்து, இந்தியாவிலும் மலாய் நாட்டிலும் உலவி, நம் பந்திக்கு வந்து சேர்ந்தது. தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் கருப்பட்டி, ஏலம் ஆகியவற்றை அவித்துச் செய்யும் வட்டிலப்பம் மலாயரின் சிறீகாயா என்னும் பண்டத்திலிருந்து வந்தது என்பர். பெயரோ வட்டிலில் அவித்த அப்பம் என்று தமிழில் பொருள் தரும். பண்டம் மலாய், பெயர் தமிழ், கருப்பட்டி சிங்கள நாட்டுக் கித்துள் மரத்தினது, அதனை எதிர்பார்த்துக் காத்திருப்பது பெருநாட் காலையில் சோனகர் வீடு.

சோனகர் இல்லங்களிலே இன்னொரு வழக்கமும் உண்டு. திருமண விருந்துகளில் சகன் எனப்படும் பெருந்தட்டிலே சோறும் கறிகளும் வைத்து, அதனைச் சுற்றி அறுவர் அமர்ந்து ஒரே தட்டில் உண்பர். சகன் என்பது தட்டைக் குறிக்கும் அரபுச் சொல். செல்வரும் கூலிக்காரரும் அருகருகே அமர நேர்வதும், தம் முன்னுள்ள பகுதியையே உண்பதும், நல்ல துண்டை மற்றவர் பக்கம் நகர்த்துவதும் அப்பந்தியின் ஒழுக்கம். இலையில் தனித்தனியே உண்டு பழகியவர்க்கு முதலிற் கூச்சம் தோன்றும். ஆயினும் ஒரு முறை அமர்ந்தவர் மறு அழைப்பைத் தட்டுவதில்லை. அண்மைக் காலமாக மண்டபங்களில் தனித் தட்டு ஏந்தி வரிசையில் நிற்கும் முறை பரவுகின்றது. வசதியானதுதான்; சகனில் இருந்த உரையாடல் அதில் இல்லை.

நேயர்களே, காலையுணவிற்கு நாம் இடிக்கும் தேங்காய்ச் சம்பலை இப்பொழுது நினைத்துப் பாருங்கள். தேங்காய் எங்கள் மாவட்டத்தினது. புத்தளம், குருநாகல் முதலிய மாவட்டங்களை உள்ளடக்கிய தெங்கு முக்கோணம் நாடறிந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தினது. மாசி மாலைதீவினது, மாஸ் என்றால் அவர்கள் மொழியில் மீன். அந்த மாசி இந்தியாவிற்கும் சீனத்திற்கும் யேமனுக்கும் ஏற்றுமதியானதை இபுனு பதூதாவே எழுதியிருக்கின்றார். சம்பல் என்ற பெயர் மலாய். அதனைத் தொட்டுண்ணும் பாண் போர்த்துக்கேயரின் பெயர் தாங்கியது. பக்கத்திலுள்ள தேத்தண்ணீரில் இருக்கும் தேயிலை சீனச் செடி. 1867இல் ஆங்கிலேயர் இம்மலைகளிலே தோட்டப் பயிராக்கியது. தமிழ்நாட்டிலிருந்து கொணரப்பட்ட உழைப்பாளரின் கைகள் கொய்தது. அதில் இடும் சீனியின் பெயரிலேயே சீனம் இருக்கின்றது. உப்பு மட்டும் ஐயத்திற்கிடமின்றி எங்கள் புத்தளத்தினது.

இவ்வாறு பிறநாடுகளோடு பிணைந்த உணவு சில வேளைகளில் நம்மைத் தவிக்கவும் விடும். கோதுமை இந்நாட்டில் விளைவதில்லை. பாணுக்குரிய மணி முழுவதும் கப்பலில் வரவேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது, பாணின் விலை இரண்டு மடங்கிற்கும் மேல் ஏறியது. அதற்கு முந்திய ஆண்டு இரசாயன உரத்திற்கு விதித்த தடையால் நெல் விளைச்சலும் குன்றியிருந்தது. காலையுணவு இல்லாமற் பாடசாலைக்கு வந்த பிள்ளைகளை அந்நாட்களில் ஆசிரியர் அனைவரும் கண்டனர். வகுப்பிலே மயங்கிய பிள்ளைக்கு முதலில் வேண்டியது பாடமன்று.

கற்பிட்டிக்குக் கடல் வழியே கடைசியாக வந்த பெருங்கூட்டத்தாரைப் பற்றிக் கூறாமல் இவ்வுரையை முடிக்கலாகாது. 1990ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதப் பிற்பகுதியில், வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேரை விடுதலைப் புலிகள் அவர்தம் ஊர்களிலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரமே அவகாசம் அளிக்கப்பட்டது. மன்னார்த் தீவிலிருந்து பலர் தோணிகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறக்கப்பட்டன. ஊரார் வீட்டு முற்றங்களில் பெரிய கிடாரங்கள் ஏறின. முதல் நாட்களின் விருந்தோம்பல் எங்கள் ஊரின் பெருமை. பின்னர் ஆண்டுகள் நீண்டபோது, கிணற்று நீருக்கும் கடற்றொழிலுக்கும் வேலைக்கும் போட்டி எழுந்ததும், மனக்கசப்புகள் முளைத்ததும் உண்மையே. அதனை மறைப்பதால் எவர்க்கும் நன்மை இல்லை.

ஓலைக் கொட்டில்களில் அவர்கள் பெற்றது நிவாரண அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி. புட்டிற்கு வறுத்த அரிசி மா இல்லாத இடத்திலே அந்தக் கோதுமை மாவை அவித்து அரித்துப் புட்டாக்கினர். வீட்டில் வறுத்து இடித்த தூளுக்குப் பழகிய நாவிற்குக் கடைத் தூள் பிடிக்கவில்லை. ஒரு கொட்டிலில் ஒருத்தி மல்லி வறுத்தால் அயற்கொட்டிலார் ஊரை நினைத்து அழுவர் என்று முதியவர் ஒருவர் என்னிடம் கூறினார். எங்கள் ஊர்ப் பெண்கள் அவர்களிடம் தூளின் பக்குவத்தைக் கேட்டறிந்தனர். அவர்கள் எங்கள் கரைக்கறிகளைக் கற்றுக்கொண்டனர். கொறுக்காயும் உப்பும் இட்டுச் சாடியில் அடைக்கும் மீன் சிலருக்கு இன்றும் ஏற்பதில்லை, அதனாற் குற்றமில்லை.

2009ஆம் ஆண்டு போர் முடிந்த பின் சிலர் திரும்பிச் சென்றனர். பலர் இங்கேயே தங்கினர். வேறு சிலருக்கு இரண்டு ஊரிலும் வீடு உண்டு, எவ்வூரிலும் முழுமையாக இல்லை. கொட்டிலில் பிறந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டனர். அவர்களின் பிள்ளைகளுக்கு, எங்கள் ஊர் உணவு என்ற தலைப்பில் கட்டுரை எழுதுமாறு நாம் வகுப்பிலே பணித்தால், அவர்கள் பேனாவைக் கையிற் பிடித்தபடி, எந்த ஊர் சேர் என்று கேட்கின்றனர். உம்மும்மாவிடம் கேட்டு வா என்று நான் அனுப்புவதுண்டு. மறுநாள் இரண்டு பக்கம் எழுதி வருவர். முதற்பக்கத்தில் மன்னார்க் கரையின் மீன் ஆணமும் வறுத்த தூளும் இருக்கும். மறு பக்கத்தில் கற்பிட்டியின் சம்பலும் கருவாடும் இருக்கும். இரு பக்கங்களிலும் கோதுமை மாப் புட்டு இருக்கும்.